இனம் என்ற நிரல்

நிலாவெளி வீதியில் ஆறாம் கட்டை தாண்டி
ஷெல் தலை கொய்த பனைகள் பதினேழு.
பதின்மூன்றில் பொந்து. ஒன்பதில் கிளி.
இருவரும் ஒத்துக்கொண்ட புள்ளிவிபரம்
இவ்வளவுதான்.

எல்லாம் ஒன்றுதான் என்கிறார் கலாநிதி குகநேசன்.
உள்காட்டில் பறக்கிற அதே கிளி
உப்புக்காற்றில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது,
கொடியில் மறந்துவிட்ட சட்டை மாதிரி.

சட்டை வெளுக்கும், சேர்,
அலகு வெளுத்து அகலுமா
என்கிறாள் கலாநிதி ஜெஸீமா.
தோளில் சிவப்பும் இல்லை.
கூவலில் ஓர் அசை கூட.

அந்த ஓர் அசைக்காக
ஒலிப்பதிவை அறுபது தடவை கேட்டோம்.
அவளுக்கு அது கீ-யர்-ர.
அவருக்குக் கீயர், பிறகு காற்று.
எனக்கு, உண்மையைச் சொன்னால்,
பின்னால் போன புல்மோட்டை பஸ்ஸின் ஹோர்ன்தான்
தெளிவாய்க் கேட்டது.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
நான் அளக்கிறவள். வேர்னியர் என் கையில்.

விடியமுன் வலை கட்டுவோம்.
விழுந்ததைத் துணிப்பைக்குள் இட்டுத்
தராசில் தொங்கவிட்டால்
பை முதலில் யோசிக்கும்,
பிறகு உதறும்.
இறகு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
வால், ஒரு தூவல் முறிந்தது.
நான் சொல்ல டிலக்சன் எழுதுவான்.
கடைசி நிரலின் தலையில் 'இனம்'.
அதன் கீழே நாற்பத்து மூன்று வெறும் கட்டங்கள்.
அங்கே எழுதுவதானால் பென்சிலால் எழுது
என்றார்கள் இருவரும்,
ஒரே நேரத்தில்.

வெளிநாட்டு நூதனசாலை ஒன்றின் இழுப்பறையில்
மல்லாந்து கிடக்கிறது பழைய கிளி ஒன்று,
கண்ணிருந்த இடத்தில் பஞ்சு,
காலில் கட்டிய துண்டில் திருகோணமலை.
எந்த மரம், எந்தக் குடா என்று இல்லை.
திருப்பிப் போட்டுப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம்.
அனுப்பினார்கள். தோள் பழுப்பு.
நூறு வருசம் கிடந்தால் எந்தச் சிவப்பும் போகும் என்றார்.
பச்சை போகவில்லையே என்றாள்.
உப்புவெளித் தேத்தண்ணிக் கடையில்
இரண்டு பிளேன்ரீ ஆடைகட்டிக் குளிர்ந்தன.

"மிஸ், இது எங்கட ஊர்க் கதை மாதிரியே இருக்கு"
என்றான் டிலக்சன், வாய்க்குள் பணிஸோடு.
ஜெஸீமா திரும்பினாள்.
"கிளியக் கதையாக்காத தம்பி.
அரை மில்லிமீற்றர். அதுதான் பிரச்சினை."
குகநேசன் தலையாட்டினார்,
அன்றைக்கு முதல்முறையாக.

நாற்பத்து நான்காவது என் பெருவிரலைப் பிடித்தது.
பிடித்தது என்றால்
நகத்துக்குப் பக்கத்தில் எலும்பு வரை.
பையைக் கீழே போடவில்லை நான்.
அதை யாரும் குறித்துக்கொள்ளவுமில்லை.
இருவரும் ஓடிவந்தார்கள்.
நல்ல தடம், அசைக்காதே என்றார் அவர்.
வேர்னியரை அவள் எடுத்தாள்.
பதின்மூன்று.
அவர் வாங்கி அளந்தார். பன்னிரண்டரை.
தோல் விரிந்திருக்கும். சுருங்கியும் இருக்கலாமே.
இரத்தம் முழங்கைக்கு இறங்கி
மணலில் சொட்டத் தொடங்கிய பிறகுதான்
டிலக்சன் போய் ஓட்டோவை மறித்தான்.

ஊசி போட்டு வந்த கையோடு
வளாகக் காரியாலயத்தில் விபத்துப் படிவம்.
லோகிதராணி அக்கா நிரப்பினா.
கடித்த பிராணி: கிளி.
என்ன கிளி என்று கேட்கவில்லை,
பேனையும் நிற்கவில்லை.
பெயர்: டெல்ரின் பல்தசார்.
முகவரி: பாலையூற்று.
இனம்.

அங்கே நின்றது பேனை.
என்னைப் பார்த்தா. பெயரைப் பார்த்தா.
மறுபடி என் முழங்கையை, நெற்றியை,
நான் வலை பிரித்துப் பிரித்துக்
கறுத்த கழுத்தை.
"தமிழ்தானே கதைக்கிறீர்?"
வேறென்ன கதைக்கிறது, அக்கா.
"தாத்தாமார் ஆர்?"
தச்சு வேலை செய்தவை. வயலினும் வாசிச்சவை.
"அதில்ல, பிள்ளை."

படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தா,
கட்டத்துக்குள் ஏற்கெனவே ஏதோ
மங்கலாய் இருப்பதுபோல.
பிறகு குனிந்து 'ஏனையோர்' என்று தொடங்கினா.

பென்சிலால் எழுதுங்கோ, அக்கா, என்றேன்.

பென்சில் செல்லாது, பிள்ளை,
என்று
மையை உதறினா.